மூட்டை ஏற்றும் முன் பிரேக்கைப் பாருங்கள்!
பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் விவசாயிகளுக்கு...

சின்ன வெங்காய அறுவடை தொடங்கிவிட்டால், பெரம்பலூர் மாவட்டத்தின் செட்டிகுளம், ஆலத்தூர் பகுதிச் சாலைகளில் பொழுது விடியும் முன்பே பிக்கப் வண்டிகள் ஓடத் தொடங்கிவிடும். கிராமத்துச் சாலையைத் தாண்டி, சென்னை - திருச்சி நான்குவழிச் சாலையில் ஏறி, நேரத்தோடு மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். அரியலூர் பக்கம் நிலைமை இன்னும் நெருக்கடி. சுண்ணாம்புக்கல், சிமென்ட் ஏற்றிய கனரக லாரிகளுக்கு நடுவே நெல், முந்திரி, மக்காச்சோள மூட்டைகளோடு சிறு வண்டிகள் ஊர்ந்து போக வேண்டும். முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால், பின்னால் வரும் பிக்கப்பும் நின்றாக வேண்டும்.

பல விவசாயக் குடும்பங்களிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய வண்டி. இன்ஜினில் சத்தம் மாறினால் உடனே மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். பிரேக்கை மட்டும் 'பிடிக்கிற வரைக்கும் ஓடட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். பெடலை மிதித்த பிறகு 'பிரேக் இல்லை' என்று தெரிந்துகொள்ள எடுக்கும் நேரமும் அந்த ஒரு விநாடிதான்.

பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே...

பெடலை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் இரும்பு பைப், ரப்பர் ஹோஸ் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. பெரும்பாலான பிக்கப்களில் முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம். முன்னால் பேடு டிஸ்க்கை இறுக்குகிறது. பின்னால் வீல் சிலிண்டர் விரிந்து, லைனிங்கை டிரம்மில் அழுத்துகிறது. காலின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் வேலையை, மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் வட்டமாக இருக்கும் பூஸ்டர் செய்கிறது. இன்ஜின் ஓடினால்தான் பூஸ்டருக்கு உயிர்.

இத்தனைக்கும் அடிப்படை, திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது என்பதுதான். காற்று அப்படியல்ல, அழுத்தினால் சுருங்கிவிடும். கிணற்று மோட்டாரில் ஏர் பிடித்தால், மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. பிரேக் பைப்பில் காற்று புகுந்தாலும் அதே கதைதான். பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது.

பிரேக் ஆயிலும் யூரியா மூட்டையும்

யூரியா மூட்டையைப் பிரித்துப் போட்டால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். பிரேக் ஆயிலுக்கும் அந்தக் குணம் உண்டு. மூடி திறந்தாலும், ரப்பர் ஹோஸ் வழியாகவும் மெள்ள மெள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட்-3 வகைப் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு அதற்கான அளவு 140 டிகிரிதான். டாட்-4 வகைக்கு இவை 230, 155 டிகிரி.

பச்சைமலையிலிருந்து மரவள்ளி ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடி வந்தால், டிஸ்க்கும் டிரம்மும் கொதிக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் உள்ளுக்குள்ளேயே ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலச் சுருங்கக்கூடியது. மேலே நன்றாகப் பிடித்த பிரேக், அடிவாரத்துக்கு வருவதற்குள் காணாமல் போவது இதனால்தான். ஈரம் உள்ளிருக்கும் இரும்புப் பாகங்களைத் துருப்பிடிக்கவும் வைக்கும். எனவே, வண்டி ஓடினாலும் நின்றாலும் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றுவது நல்லது.

வாரம் ஒருமுறை... பத்தே நிமிடம்!

* ஆயில் அளவு: பானெட்டைத் திறந்து டப்பாவில் 'மின்', 'மேக்ஸ்' கோடுகளுக்கு நடுவே ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். லைனிங், பேடு தேயத் தேய அளவு சிறிது இறங்குவது இயல்பு. சட்டென்று இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டக் கூடாது.

* பெடல்: இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடல் கெட்டியாகும் வரை சில முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அதன் பிறகும் தொடர்ந்து மெள்ள இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரின் உள்வாஷர் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ ஒழுகலாம்.

* சக்கரத்தின் உட்பக்கம்: டயரின் உட்புறத்திலோ டிரம்மின் கீழோ ஈரக்கசிவு இருந்தால் வீல் சிலிண்டர் ஒழுகுவதாகச் சந்தேகப்பட வேண்டும். ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டக் கூடாது. புதிதாக மாற்ற வேண்டும். அதையும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

* ஹோஸ், பைப்: ரப்பர் ஹோஸில் வெடிப்பு, உப்பல் இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். பொட்டாஷ் உள்ளிட்ட உரம் ஏற்றும் வண்டிகளில் சிந்தும் உப்பு, இரும்பு பைப்பை அரித்துவிடும். உரம் இறக்கிய அன்றே தொட்டியையும் அடிப்பகுதியையும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

* கரிசல் மண்: மழைக்காலத்தில் வயலுக்குள் போய் வந்தால் பின்அச்சில் மண் அப்பிக் காய்ந்துவிடும். சுமைக்கு ஏற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு பல வண்டிகளில் அங்கேதான் இருக்கிறது. மண்ணில் அதன் கம்பி இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் பட்டை போட்டுப் பின் ஸ்பிரிங்கை உயர்த்தினால் இந்த வால்வின் கணக்கும் மாறிவிடும். மெக்கானிக்கிடம் சொல்லிச் சரிசெய்ய வேண்டும்.

ஏர் எடுக்கும் முறை

ஆயில் மாற்றினாலோ, பைப்பைக் கழற்றினாலோ ஏர் எடுத்தே ஆக வேண்டும். ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டிகளில் இரண்டு பேர் சேர்ந்து செய்யலாம். அனுபவம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே சரி. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருந்தால், அரைகுறையாகச் செய்வதைக் கண்டுபிடிக்கலாம்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகக் கூடாது. பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில மாடல்களில் வரிசை மாறும். வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

நிப்பிளில் கண்ணாடி டியூபை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிட வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். ஆயிலும் குமிழும் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முன்பே விட்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். குமிழ் நின்று, தெளிவான ஆயில் வரும்வரை இதைத் தொடர வேண்டும். இடையிடையே டப்பாவில் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பழைய வண்டிகளில் பெடலைத் தரையைத் தொடும்வரை மிதிக்க வேண்டாம். வழக்கமாகப் பிஸ்டன் போகாத ஆழத்தில் துரு இருக்கும். அது வாஷரைக் கிழித்துவிடும். பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டால் போதும்.

எடுத்த ஆயிலை மறுபடி ஊற்றக் கூடாது. அது நஞ்சு. பூச்சிமருந்தைப் போலவே குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்; குளிர்பான பாட்டிலில் வைக்கவே கூடாது. கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

பிரேக் ஆயில் கிடைக்காவிட்டால் அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றலாமா?
கூடவே கூடாது. இன்ஜின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய் எது பட்டாலும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும். மூடியில் எந்த வகை எழுதியிருக்கிறதோ, அதே வகையை சீல் பிரிக்காத டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டும். டாட்-5 என்பது சிலிக்கான் வகை. மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. ஏன்?
இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பிடிக்கவில்லை. முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள். பிறகு, ஒரு பக்க லைனிங்கில் ஆயில் பட்டிருக்கிறதா, சிலிண்டர் இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டீசலை மிச்சப்படுத்த இறக்கத்தில் இன்ஜினை நிறுத்தலாமா?
உயிரோடு விளையாடுவதற்குச் சமம். இன்ஜின் நின்றால், சில மிதிக்குப் பிறகு பூஸ்டரின் உதவி போய்விடும். எந்த கியரில் மலை ஏறினீர்களோ, அந்த கியரிலேயே இறங்குங்கள்.

ஓடும்போது பிரேக் போய்விட்டால்?
பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். கொஞ்சம் அழுத்தம் கிடைக்கலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளில் இயங்குவது. ஆயில் போனாலும் வேலை செய்யும். அதைப் படிப்படியாக இழுங்கள். சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்; எடுக்காதீர்கள். ஹாரன் அடித்தபடி மண் பகுதிக்கு ஒதுங்குங்கள்.

எஃப்.சி. ஒரு நாள், ஓட்டம் ஆண்டு முழுக்க

சரக்கு வண்டிகளுக்கு முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். எஃப்.சி.க்குப் போகும் நாளில் மட்டும் பிரேக்கைச் சரிசெய்வது போதாது. ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஏற்றினால் எவ்வளவு நல்ல பிரேக்கும் திணறும். 50 கிலோ மூட்டை 10 கூடுதலாக ஏற்றினால், நிறுத்த வேண்டிய சுமை அரை டன் கூடுகிறது. வேகம் 40-லிருந்து 60 கி.மீ. ஆனால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது.

களை எடுக்கவும் வெங்காயம் அறுக்கவும் போகும் பெண்களைச் சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சட்டம் இதை அனுமதிப்பதில்லை. பிரேக் தவறினால் மூட்டை சரிந்து நட்டம் வரும். மறு அறுவடையில் அதை ஈடுகட்டிவிடலாம். பின்னால் உட்கார்ந்து வரும் உயிருக்கு ஈடு கிடையாது. அடுத்த லோடு ஏற்றும் முன், பானெட்டைத் திறந்து அந்தச் சின்ன டப்பாவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.