சிறுதாவூர் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள்

சிறுதாவூர் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் என்பன, தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டம், திருப்போரூர் வட்டத்திலுள்ள சிறுதாவூரில் காணப்படும் இரும்புக்காலப் புதைகுழிகள் ஆகும். இங்கு இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியுள்ளது.

மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் பல்லவர்கள் பாறைகளைக் குடைவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இப்பகுதி மக்கள் இறந்தோரைப் புதைத்த இடத்தைச் சுற்றிப் பெரிய கற்களை வட்டமாக வைத்தனர். இவை கல்வட்டங்கள் எனப்படுகின்றன. இதே மாவட்டத்திலுள்ள சானூரில் 1950, 1952ஆம் ஆண்டுகளில் இத்தகைய புதைகுழிகள் அகழப்பட்டன. கால்கள் கொண்ட சுடுமண் ஈமப்பேழைகள், கறுப்பு-சிவப்பு மட்கலங்கள், இரும்புக் கருவிகள் முதலியன செங்கல்பட்டுப் பகுதிப் புதைகுழிகளில் கிடைக்கின்றன.

ஸ்காட்லாந்தின் கில்மார்ட்டின் பள்ளத்தாக்கிலுள்ள பாறைகளின் தொன்மையை அவற்றில் செதுக்கப்பட்ட குழிகளும் வளையங்களும் காட்டிவிடுகின்றன. கல்வட்டக் கற்களிலோ செதுக்கல் எதுவும் இல்லை. அவை வைக்கப்பட்ட ஒழுங்கே சான்று. எனவே இவை சாதாரணப் பாறைகளாகக் கருதப்பட்டு எளிதில் அகற்றப்படக்கூடும்.

நடுவண் அரசால் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை உள்ளது. பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்படாத இடங்களுக்கு இத்தடை பொருந்தாது. அங்கு நிலம் சமன் செய்யப்படும்போது கற்கள் அகற்றப்பட்டால், அடியில் புதைகுழி இருப்பதற்கான அடையாளமும் மறைந்துவிடும்.