பைன் மரம்

இமயமலைச் சாரலில் ஓங்கி வளரும் மரங்களுள் சிர்ப் பைன் ஒன்று. அதன் இலைகள் ஊசி போல் நீண்டு, மும்மூன்றாகச் சேர்ந்திருக்கும். பைன் மரம் பூப்பதும் இல்லை. கனி தருவதும் இல்லை. அங்ஙனமாயின் அஃது எவ்வாறு பெருகுகிறது? அதன் விதைகள் கூம்புகளின் செதில்களுக்கிடையே ஏறத்தாழ 2 ஆண்டுகள் முதிர்கின்றன. கோடையில் கூம்புகள் விரியும். சிறகுடைய விதைகள் காற்றில் பறந்து சென்று, வெயில் படும் வெற்றிடங்களில் முளைக்கும்.

உதிர்ந்த ஊசியிலைகள் பிசின் உடையவை. ஆதலால் எளிதில் தீப்பற்றும். முதிர்ந்த மரத்தை அதன் தடித்த பட்டை காக்கும். இளங்கன்றுகள் பலவும் பிற செடிகளும் கருகிவிடும். சிற்றூர் மக்கள் அச்சருகுகளை வாரிச் சென்று மாட்டுத் தொழுவத்தில் பரப்புவர். இங்ஙனம் சருகை அகற்றுதல் கால்நடைக்கும் நன்மை, காட்டிற்கும் காவல்.