கடின ஆங்கிலச் சொற்களும் நம் வீட்டுத் தமிழும்

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் ஒரு தடித்த புத்தகம் வீட்டுக்குள் நுழைந்துவிடும். ஆங்கிலக் கடினச் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, எதிரே பொருள் எழுதிய புத்தகம். சட்டப் படிப்பு, மேலாண்மைப் படிப்பு, வங்கித் தேர்வு, வெளிநாட்டு மேற்படிப்பு என்று எதற்குப் போனாலும் அது கூடவே வருகிறது. அதை எப்படிப் படித்தால் மனத்தில் நிற்கும் என்பதில் நான் பட்டு அறிந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் என் கதை. 1974-இல் தில்லிக்கு வந்து ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். பள்ளிப் படிப்பெல்லாம் தமிழ் வழியில். நான் எழுதிய முதல் நீண்ட குறிப்பின் ஓரத்தில் மேலதிகாரி ‘வெர்போஸ்’ என்று ஒற்றைச் சொல் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை கரோல்பாகில் அறைத் தோழர்களுக்கு டீ, சமோசா எல்லாம் என் செலவு! மறுநாள் அகராதியைப் பார்த்தபோதுதான் ‘வளவளவென்று எழுதப்பட்டது’ என்று பொருள் தெரிந்தது.

லத்தீனில் ‘வெர்பம்’ என்றால் சொல். சொல் மலிந்து கிடப்பது வெர்போஸ். இலக்கணத்தில் வரும் ‘வெர்ப்’ என்ற சொல்லைப் பள்ளியிலேயே படித்திருந்தேன். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

சென்ற ஆண்டு என் பேத்தி சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாரானாள். பயிற்சி வகுப்பில் நாளைக்கு முப்பது சொற்கள் மனப்பாடம். பத்து நாளில் முந்நூறு. பதினோராம் நாள் நான் கேட்டுப் பார்த்தபோது நாற்பதுகூடத் தேறவில்லை. “எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறமாட்டேங்குது தாத்தா. லா எல்லாம் வேணாம், விட்டுடறேன்” என்று அழுதுவிட்டாள்.

குறை அவள் மூளையில் இல்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து 1885-இல் வெளியிட்டார். ஒட்டும் உறவும் இல்லாமல் உருப்போட்டதில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்று கண்டார். தொடர்பில்லாத சொற்பட்டியலுக்கும் ஏறக்குறைய அதே கதிதான்.

பிரித்துப் பார்த்தல்

சொல்லைப் பிரித்துப் பார்ப்பது தமிழருக்குப் புதிதல்ல. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பகுபதத்துக்கு ஆறு உறுப்புகளை நன்னூல் வகுத்துக் கொடுத்திருக்கிறது. அதே கண்ணோடு ஆங்கிலச் சொல்லையும் பார்க்கலாமே என்று பேத்தியிடம் சொன்னேன்.

‘அனிமஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு மனம் என்று பொருள். அதற்கு முன்னால் ‘ஒன்று’ என்பது சேர்ந்தால் யுனானிமஸ். “ஒரு மனம்... ஒருமனதாக! சங்கத்துப் பொதுக்குழுவுல நீங்க அடிக்கடி சொல்வீங்களே!” என்று துள்ளினாள். ‘பெரிய’ சேர்ந்தால் மேக்னானிமஸ், அதாவது பெருந்தன்மை. ‘சமம்’ சேர்ந்தால் ஈக்வனிமிட்டி, இன்ப துன்பத்தில் அசையாத சமமான மனநிலை. ‘மிகச் சிறிய’ சேர்ந்தால் ப்யூசிலானிமஸ், மனம் சிறுத்துப்போன கோழைத்தனம். ஒரு வேரைப் பிடித்தோம், நான்கு சொற்கள் கைக்கு வந்தன.

அடுத்து ‘பெனெ’, அதாவது நன்றாக. ‘வோலென்ஸ்’ என்றால் விரும்புகிற. இரண்டும் சேர்ந்தது பெனவலன்ட். அப்படியே நம் ‘நலம் விரும்பி’! ‘பெனெ’ இருந்த இடத்தில் கெடுதலைக் குறிக்கும் ‘மேல்’ வந்தால் மேலவலன்ட், பிறர் கெட வேண்டும் என்று நினைப்பவர். நல்ல வாக்குச் சொன்னால் பெனடிக்‌ஷன், அதாவது ஆசி. கெட்ட வாக்குச் சொன்னால் மேலடிக்‌ஷன், அதாவது சாபம்.

இன்னொன்று ‘கேண்டிட்’. லத்தீனில் ‘கேண்டிடஸ்’ என்றால் பளிச்சென்ற வெள்ளை. ஒளிவு மறைவு இல்லாதவரை நாமும் வெள்ளை மனசுக்காரர் என்றுதானே சொல்கிறோம்? பண்டைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெளுத்த வெள்ளாடை உடுத்தி வாக்குக் கேட்டார்கள். ‘கேண்டிடேட்’ என்ற சொல் அப்படி வந்தது. நம் ஊர் வேட்பாளரின் வெள்ளை வேட்டியை நினைத்துக்கொண்டால் இந்தச் சொல் மறக்கவே மறக்காது.

ஓர் எச்சரிக்கை

வேரை மட்டும் நம்பி இறங்கவும் கூடாது. ‘அனிமாஸிட்டி’யிலும் அதே மனம்தான் இருக்கிறது, பொருளோ பகைமை. லாரியின் பின்னால் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். முன்னால் உள்ள ‘இன்’ எதிர்மறை என்று எண்ணித் தீப்பற்றாதது என்று பொருள் கொண்டால் உயிருக்கே ஆபத்து. அது எளிதில் தீப்பற்றுவது. ஆகவே வேரைக் கொண்டு ஊகித்தபின் அகராதியிலும், சொல் வந்த வாக்கியத்திலும் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

தேர்வுகளும் அந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. ஜி.ஆர்.இ. தேர்வில் தனிச்சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்கும் பகுதி 2011-இல் நீக்கப்பட்டது. சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வு 2020 முதல் பத்திகளைப் படித்து விடையளிக்கும் முறைக்கு மாறியது. ஆங்கில நாவலையோ செய்தித்தாளையோ துணையின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். அவ்வளவையும் பட்டியலில் படிக்க முடியாது, வாசித்துத்தான் சேர்க்க முடியும்.

மிட்டாய் டப்பா முறை

படித்ததைத் தக்கவைக்க, செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் தம் நூலில் விளக்கிய அட்டைப்பெட்டி முறையைப் பின்பற்றினோம். தீபாவளிக்கு வந்த மூன்று மிட்டாய் டப்பாக்கள் போதுமாக இருந்தன. அட்டையின் ஒரு பக்கம் செய்தித்தாளில் அந்தச் சொல் வந்த வாக்கியம், மறுபக்கம் வேர், பொருள், தமிழ்ச்சொல். முதல் டப்பாவைத் தினமும் பார்க்க வேண்டும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தவறினால் பழையபடி முதல் டப்பாவுக்கே திரும்பும். நாளைக்குப் புதிதாக எட்டுச் சொற்கள், அதற்கு மேல் இல்லை.

அட்டையில் தமிழ்ச்சொல்லை முதலில் நான்தான் எழுதினேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். என் கையெழுத்து புரியவில்லை என்று சண்டை போட்டு, இரண்டாம் மாதத்திலிருந்து அவளே எழுத ஆரம்பித்தாள். ‘ஒருமனதாக’ என்பதில் றகரம் போட்டிருந்தாள். நான் திருத்தவில்லை, அடுத்த வாரம் அவளே திருத்திவிட்டாள்.

அவள் முதலிடம் பெறவில்லை. முதல் பட்டியலில் பெயரும் வரவில்லை. இரண்டாம் பட்டியலில் ஒரு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது, இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியிலிருந்து போன் வரும். “தாத்தா, ‘ஈக்விட்டி’க்குத் தமிழ்ல என்ன?” என்று கேட்பாள். ஈக்வனிமிட்டியில் வந்த அதே ‘சமம்’தான் இதிலும் வேர் என்று சொல்லிவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியத்தைத் தேடி அலமாரிக்குப் போவேன். அவள் காத்திருப்பாள்.

உங்கள் வீட்டிலும் அந்தத் தடித்த புத்தகம் இருந்தால், இன்று மாலை பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அதற்குத் தமிழில் என்ன என்று பிள்ளையையே கேளுங்கள்.