பாலி எண்ணுப்பெயர்களின் இலக்கணமும் பொருளும்: இராமேசுவரக் கடற்கரை குறித்த வம்ச நூற்செய்திகளை முன்வைத்து

முன்னுரை

இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையின் பழைய வரலாற்றை அறிய, தமிழ்ச் சான்றுகளோடு இலங்கையின் பாலி வம்ச நூல்களும் துணைநிற்கின்றன. விசயன் பாண்டிய அரசகுலத்தோடு கொண்ட மணவுறவை மகாவம்சம் உரைக்கிறது. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) படைத்தலைவன் இலங்காபுரன் இராமேசுவரத்தைக் கைப்பற்றியதை அதன் தொடர்ச்சியாகிய சூளவம்சம் உரைக்கிறது. இந்நூல்கள் தரும் தொகைகளும் தொலைவுகளும் தமிழாய்வுகளில் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வழியே எடுத்தாளப்படுகின்றன. பாலி எண்ணுப்பெயரின் பொருளை அகராதி கொண்டு மட்டும் துணிய இயலாது. அதன் வேற்றுமை வடிவும் தொகைநிலையும் உடன்நோக்கப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பாலும் வேற்றுமையும்

இலக்கண நிலையில் பாலி எண்ணுப்பெயர்கள் நான்கு வகுப்பாக அமைகின்றன. ஒன்று, மூன்று, நான்கு ஆகியவை எண்ணப்படும் பெயரின் பாலை ஏற்கும். மூன்று என்பது ஆண்பாலில் 'தயோ', பெண்பாலில் 'திஸ்ஸோ', நபுஞ்சகப் பாலில் 'தீணி' என வரும். இரண்டு மட்டும் முப்பாலுக்கும் 'த்வே' என நிற்கும். ஐந்து முதல் பதினெட்டு வரையுள்ளவை பால் காட்டாது வேற்றுமை மட்டும் ஏற்கும் (பஞ்ச, பஞ்சஹி, பஞ்சன்னம்). பத்தொன்பது முதல் தொண்ணூற்றொன்பது வரையுள்ளவை பெண்பால் ஒருமைப் பெயர்கள். எண்ணப்படும் பெயரோ பன்மையில் நிற்கும். நூறும் ஆயிரமும் நபுஞ்சகப் பெயர்கள்.

தமிழில் ஒருவன், ஒருத்தி, ஒன்று, மூவர், மூன்று எனும் வேறுபாடு பொருளின் திணையையும் பாலையும் பற்றியது. பாலியில் அது சொல்லின் பாலைப் பற்றியது. ஆதலின் 'திஸ்ஸோ வேதனா' என்பது மூன்று நுகர்ச்சிகளைக் குறிக்குமேயன்றி மகளிர் மூவரைக் குறிக்காது.

வேற்றுமை இயைபு வரலாற்றுச் செய்தியையும் தெளிவாக்கும். பாண்டிய மன்னன் மகளோடு பதினெட்டுத் தொழிற்குழுக்களைச் சேர்ந்த ஆயிரம் குடும்பங்களையும் அனுப்பினான் என்பது மகாவம்சச் செய்தி. பதினெட்டு என்பது ஆறாம் வேற்றுமையில் குழுக்களைத் தழுவி நிற்கிறது. ஆயிரம் என்பது குடும்பங்களின் மொத்தத் தொகை. இதனைக் குழுவுக்கு ஆயிரமாகப் பெருக்கிப் பதினெண்ணாயிரம் எனக் கொள்ள இடமில்லை.

தொகைநிலை மயக்கம்

தமிழில் எண்களின் வரிசைமுறையே பொருளை வரையறுக்கும்: எண்ணூறு பெருக்கல், நூற்றெட்டு கூட்டல். பாலித் தொகையில் சிற்றெண் முன்னும் பேரெண் பின்னும் நிற்கையில் இருபொருளும் எய்தக்கூடும். 'அட்டஸத' என்பது எண்ணூறும் ஆகலாம், நூற்றெட்டும் ஆகலாம். சம்யுத்த நிகாயத்தில் இப்பெயர் கொண்ட சூத்திரம் முப்பத்தாறு நுகர்ச்சிகளை முக்காலத்தோடும் உறழ்ந்து நூற்றெட்டாகக் கணக்கிடுவதால், அங்கே கூட்டற்பொருளே உறுதியாகிறது. மயக்கம் நீங்க 'மிகுந்த' எனப் பொருள்படும் 'உத்தர' என்னும் சொல்லை இடையில் பெய்து 'அட்டுத்தரஸத' எனலும் உண்டு. விசயன் ஆண்டுதோறும் மாமனுக்கு அனுப்பிய முத்தின் மதிப்பைக் கூறுமிடத்தில், இணை எனப் பொருள்படும் 'த்வய' என்னும் சொல் நூறாயிரத்தின் பின் நிற்பதால், இரண்டு நூறாயிரம் என்பது ஐயமின்றி விளங்குகிறது.

எட்டும் அரையும்

எட்டினைக் குறிக்கும் சொல்லும் அரையினைக் குறிக்கும் சொல்லும் பாலியில் ஒலியால் வேறானவை: முன்னது வல்லொலி (அட்ட²), பின்னது மெல்லொலி (அட்³ட⁴). குறியீடின்றித் தமிழில் எழுதினால் இரண்டும் 'அட்ட' என்றே ஆகிவிடும். தமிழ் 'இரண்டரை' நிறைந்த எண்ணை முன்வைத்து அரையைக் கூட்டும்; பாலியோ 'அட்³ட⁴தெய்ய', அதாவது 'மூன்றாவதில் அரை' என நிறையாத எண்ணைச் சுட்டும். இம்முறைப்படி 'அட்³ட⁴தேளஸ' நூறு என்பது பதின்மூன்றாம் நூற்றில் பாதி, அதாவது 1,250. இதில் 'அட்ட' என்பதை எட்டு எனக் கொண்டால் கணக்கே பிறழும்.

எண்ணும் அளவையும்

எண் தெளிந்த பின்னும் அளவைப்பெயர் வழுவுக்கு இடந்தரலாம். இலங்காபுரன் அரண் அமைத்த குந்துகால், இராமேசுவரத்திலிருந்து நான்கு 'காவுத' தொலைவில் உள்ளதாகச் சூளவம்சம் கூறுகிறது. தமிழ்க் 'காவதம்' இச்சொல்லோடு உறவுடையது. ஆயின் அகராதி வழக்கில் காதம் ஏறத்தாழ 10 மைல். அவ்வாறு கொண்டால் நான்கு காதம் பாம்பன் தீவையே கடந்துவிடும். பாலிக் காவுதம் யோசனையின் காற்பங்கு, இரண்டு மைலுக்குச் சற்றுக் குறைவு. எனவே நான்கு காவுதம் ஒரு யோசனை, ஏறத்தாழ 11 கி.மீ. இன்றைய குந்துகாலுக்கும் இராமேசுவரம் கோயிலுக்கும் இடையிலுள்ள நேர்த்தொலைவோடு இது பொருந்துகிறது.

முடிவுரை

வம்ச நூல்களின் எண்கள் அனைத்தையும் மிகைக்கூற்றென ஒதுக்குவதும், மொழிபெயர்ப்பில் உள்ளவாறே ஏற்பதும் ஒருசேரத் தவிர்க்கத்தக்கவை. எண்ணின் வேற்றுமை இயைபு, தொகையின் பெருக்கல் கூட்டல் நிலை, அளவையின் மொழிவழி மதிப்பு ஆகிய மூன்றையும் ஆராய்ந்த பின்னரே ஓர் எண்ணை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். பாலிச் சொற்களைத் தமிழில் பெயர்த்தெழுதுவோர் எட்டையும் அரையையும் வேறுபடுத்தும் குறியீட்டைப் பின்பற்றுதல் இன்றியமையாதது.