பழைய பிலிம் கேமராவுக்கு இன்றைய லென்ஸ் பொருந்துமா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

ஓசூரில் இருந்து பழைய பிலிம் கேமரா தேடிப் போறவங்களுக்கு, அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு சுமார் 40 கி.மீ.தான். ஆனா வாங்கிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, கையில் இருக்கும் லென்ஸ் அதில் மாட்டவில்லை என்றால்? ஒரே கம்பெனி பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஏன் என்று பார்க்கலாம்.

மோட்டார் எங்கே இருக்கு?

ஆட்டோபோகஸ் நடக்க, லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளை ஒரு மோட்டார் நகர்த்த வேண்டும். 1985-ல் வந்த மினோல்டா 7000, 1986-ல் வந்த நிகான் எஃப்-501 ஆகியவற்றில் அந்த மோட்டார் கேமரா பாடிக்குள் இருந்தது. 1987-ல் ஈஓஎஸ் வரிசையைத் தொடங்கிய கேனான், மோட்டாரை லென்ஸிலேயே வைத்தது. குழப்பம் இங்கேதான் ஆரம்பம்.

கேனான் வைத்திருக்கீங்களா?

1987-க்குப் பிறகு வந்த கேனானின் ஈஎஃப் லென்ஸ்கள், ஈஓஎஸ் பிலிம் கேமராக்களில் ஆட்டோபோகஸுடன் வேலை செய்யும். ஆனா 1500டி போன்ற டிஜிட்டல் கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் ஈஎஃப்-எஸ் வகை. அது பிலிம் பாடியில் மாட்டவே மாட்டாது. மிரர்லெஸ் கேமராவின் ஆர்எஃப் லென்ஸும் அப்படித்தான். 1987-க்கு முந்தைய எஃப்டி லென்ஸ்களும் ஈஓஎஸ் பாடியில் நேரடியாகப் பொருந்தாது.

நிகான் என்றால்?

நிகான் 1959-ல் கொண்டுவந்த எஃப் மவுண்ட்டை மாற்றவில்லை. அதனால் எஃப் மவுண்ட் லென்ஸ் மாட்டும். ஆனா மாட்டுவது வேறு, வேலை செய்வது வேறு!

* ஏஎஃப்-எஸ் லென்ஸில் மோட்டார் உள்ளேயே இருக்கு. எஃப்100, எஃப்80-ல் ஆட்டோபோகஸ் ஆகும். எஃப்-501-ல் கையால்தான் திருப்பணும்.
* ஏஎஃப்-பி லென்ஸை பிலிம் கேமராவில் கையால்கூட போகஸ் செய்ய முடியாது.
* 'ஜி' வகை லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் இல்லை. எஃப்எம்2 போன்ற மேனுவல் கேமராவில் போட்டால், அப்பர்ச்சர் மிகச் சிறிய துளைக்கே போய்விடும். படம் இருட்டடிக்கும்.

மினோல்டா கேமராவா?

2006-ல் இந்தக் கேமரா தொழில் சோனிக்குப் போனது. சோனியின் ஏ மவுண்ட் லென்ஸ்கள் மினோல்டா 7000-ல் மாட்டும். ஆனா மோட்டார் உள்ளே கொண்ட எஸ்எஸ்எம் லென்ஸ்கள் அதில் ஆட்டோபோகஸ் ஆகாது.

கடையிலேயே செக் பண்ணுங்க

உங்கள் லென்ஸையும் புது பேட்டரியையும் கையோடு எடுத்துட்டுப் போங்க. லென்ஸை மாட்டி, பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என ஷட்டரைப் பாதி அழுத்திப் பாருங்க. பிறகு பிலிம் இல்லாமல் பின்மூடியைத் திறந்து, ஷட்டர் வேகத்தை 1 விநாடியில் வைத்து அழுத்தினால், நீங்கள் வைத்த அளவுக்குத் துளை சுருங்குகிறதா எனத் தெரிந்துவிடும்.

டிஜிட்டலில் தப்பு உடனே திரையில் தெரியும். பிலிமில் 36 படமும் எடுத்து, கழுவின பிறகுதான் தெரியும். அது வீட்டு விசேஷமாக இருந்தால், திரும்ப எடுக்க முடியுமா?