படுத்துவிட்ட சைக்கிள் கம்பெனி: ஆப்பிள் வாங்காதது தப்பா?

அமெரிக்காவின் நியூயார்க்கை தலைமையிடமாக கொண்டது பெலோட்டான். வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் விற்கும் கம்பெனி இது. சைக்கிளில் உள்ள திரையில் பயிற்சியாளர் சொல்லச் சொல்ல மிதிக்க வேண்டும். அதற்கு மாதாமாதம் தனி சந்தா.

2020-ல் கொரோனாவால் ஜிம்கள் மூடப்பட, சைக்கிளுக்கு ஏக கிராக்கி. ஜிம்கள் திறந்ததும் மவுசு போச்சு. 2021 ஜனவரியில் சுமார் 5 ஆயிரம் கோடி டாலராக இருந்த பங்குச்சந்தை மதிப்பு, ஒரே வருடத்தில் ஆயிரம் கோடிக்கும் கீழே சரிந்தது. 2022 பிப்ரவரியில் 2,800 பேருக்கு வேலை போனது. வேலை போனவர்களுக்கு கம்பெனி கொடுத்த சலுகைகளில் ஓராண்டு இலவச சந்தாவும் ஒன்றாம்!

அமேசான், நைக் வாங்கப்போவதாக பேச்சு கிளம்பியது. ஐபோன் கம்பெனியான ஆப்பிள் பெயரும் அடிபட்டது.

27 லட்சம் சந்தாதாரர்கள் என்றால் யாருக்கும் ஆசை வரும்தான். ஆனால் உடற்பயிற்சி வகுப்பை மாதம் 10 டாலருக்கு ஆப்பிளே 2020 டிசம்பரில் தொடங்கிவிட்டது. பெலோட்டானில் அப்போது 39 டாலர். போதாக்குறைக்கு குடோனில் விற்காத சரக்கு. குழந்தை ஒன்று பலியானதால் 2021-ல் திரும்பப் பெற்ற சுமார் 1¼ லட்சம் டிரெட்மில் வேறு. இந்த தலைவலியை காசு கொடுத்து வாங்குவானேன்?

ஆப்பிள் வாங்கவில்லை. ஆனால் ஆப்பிளில் அந்த வகுப்புகளை உருவாக்கியவர்களில் ஒருவரான பீட்டர் ஸ்டெர்ன், 2025 ஜனவரியில் பெலோட்டானின் தலைமை அதிகாரியாகி விட்டார்.