நடப்போரும் மிதிவண்டியும்



தென்பாண்டி நாட்டார்க்கு நடை புதிதன்று. திருச்செந்தூர் முருகனை நாடிப் பாதயாத்திரையாகச் செல்லும் அன்பர் கூட்டத்தை ஆண்டுதோறும் நம் சாலைகளில் காண்கிறோம். பொதிகையின் அடிவாரத்தில் பிறந்தவர்க்கோ மலையேற்றம் என்றால் தனி ஆசை. சாத்தான்குளத்துக் கல்லூரி இளைஞர் சிலரும் விடுமுறை வந்தவுடன் தோளில் பையை மாட்டிக்கொண்டு மேற்கே புறப்பட்டு விடுவதை நான் அறிவேன். அவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “மலையைப் பார்த்தீர்கள், நன்று, உங்கள் வீட்டு வாசலுக்கும் கடலுக்கும் இடையே உள்ள நிலத்தைப் பார்த்ததுண்டா?” பெரும்பாலோர் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொல்வர்.

அது அவர்கள் குற்றமன்று. மலை நடப்பதற்கென்றே அமைந்தது. ஆனால் இன்று பொதிகைக் காடுகள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. 1988-இல் அமைந்த காப்பகம் அது. வனத்துறையின் இசைவின்றி அங்கே நினைத்தபோது நுழைதல் இயலாது. இயலக் கூடாது என்பதே என் கருத்தும். ஆகவே மலையை மட்டும் நம்பியிருக்கும் நடையர்க்கு ஆண்டில் சில நாட்களே வாய்க்கின்றன. சமவெளிக்குக் கதவும் இல்லை, காவலும் இல்லை. இருந்தும் அதில் ஏன் நடப்பதில்லை? தொலைவும் வெயிலுமே காரணம். சாத்தான்குளத்தைச் சுற்றிச் செம்மணல் தேரியும் பனங்காடும் விரிந்து கிடக்கின்றன. பனைமரம் எல்லாம் தரும். நிழல் மட்டும் தாராளமாகத் தராது. காணத்தக்க ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே பல கிலோமீட்டர் வெட்டவெளி கிடக்கிறது.

இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்றாக நடக்கும் ஒருவர் ஒரு பகலில் 25 கிலோமீட்டர் நடப்பார் என்று கொள்வோம். மாலையில் வீடு திரும்ப வேண்டுமாயின் 12 கிலோமீட்டருக்கு அப்பால் அவர் போக இயலாது. அதே மனிதர் மிதிவண்டியில் 60 கிலோமீட்டரைப் பெரிய வருத்தமின்றிக் கடப்பார். அதாவது 30 கிலோமீட்டர் போய்த் திரும்புவார். ஆரம் இரண்டரை மடங்காயிற்று. பரப்போ ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது. ஆகவே அவருடைய உலகம் ஆறு மடங்குக்கு மேல் விரிகிறது. வடிவ கணிதம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்க்கு இதைவிடச் சுவையான விடையை நான் அறியேன்.

அந்தப் பெரிய வட்டத்துக்குள் என்னென்ன அடங்குகின்றன? கிழக்கே மணப்பாடு; கடலோர மணற்குன்றின்மேல் கோயிலும், அதன் அடியில் 16-ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயரால் வழங்கும் குகையும் உள்ளன. வடக்கே ஆழ்வார்திருநகரி. ஆற்றங்கரையை ஒட்டிச் சிறிது மேற்கே சென்றால் ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 முதல் 1905 வரை அங்கே அகழ்ந்து முதுமக்கள் தாழிகளையும் வெண்கலப் பொருள்களையும் பொன்னால் செய்த நெற்றிப் பட்டங்களையும் வெளிக்கொணர்ந்தார். வடமேற்கே கூந்தன்குளம். தை, மாசி, பங்குனியில் அவ்வூர்க்குச் செல்வோர் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதைக் காணலாம். ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. எச்சத்தின் நாற்றத்தையும் பொறுத்துக் கொள்கின்றனர். இயந்திரத்தின் ஒலி இன்றி அத்தெருவில் நுழைபவர் காணும் காட்சி வேறு, காரில் சென்று கதவைப் படீரென்று சாத்துபவர் காணும் காட்சி வேறு.

தெற்கே இடையன்குடி. இதைப்பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் அங்கே உறங்குபவர் நடையர் குலத்துக்கே பெரியவர். இராபர்ட் கால்டுவெல் 1838-இல் சென்னைக்கு வந்தார். 1841-இல் நெல்லைச் சீமைக்குப் புறப்பட்டபோது, நாட்டையும் மக்களையும் அறிய வேண்டும் என்ற விருப்பால் நடந்தே வந்தார். அதுவும் நேர்வழியாக அன்று. சோழ நாட்டைக் கண்டு, நீலகிரி ஏறி இறங்கி, மதுரை வழியாக வந்து சேர்ந்தார். 1856-இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். பிற்காலத்தில் அவர் கொற்கையிலும் பழைய காயலிலும் நிலத்தை அகழ்ந்து ஆராய்ந்தார். அவர் எழுப்பிய தூய திரித்துவ ஆலயத்திலேயே அவர் உடல் அடங்கியிருக்கிறது. வழிநடையில் கேட்ட பேச்சு அவருடைய இலக்கண ஆராய்ச்சிக்கு எவ்வளவு உரமாயிற்று என்பதை நாம் அளந்து கூற இயலாது. ஆனால் ஊர்தோறும் நின்று, கேட்டு, மீண்டும் நகர்ந்தவர் அவர் என்பதில் ஐயமில்லை. நடையின் உயிர் அந்த நிற்றலில் இருக்கிறது. மிதிவண்டி அதைக் கெடுப்பதில்லை என்பதே நான் சொல்ல வந்த செய்தி. ஒரு காலைத் தரையில் ஊன்றினால் போதும், வண்டி நின்றுவிடும். பதநீர் காய்ச்சும் விடிலியின் மணம் காற்றில் வந்தால் இறங்கிப் பார்க்கலாம். பனையேறும் பெரியவரிடம், “ஐயா, இந்தப் பாதை எங்கே போகும்?” என்று வண்டியில் அமர்ந்தபடியே கேட்டாலும் அவர் முகம் சுளிக்கமாட்டார், இறங்கிக் கேட்டால் பதநீரும் கிடைக்கும்.

இத்தனை தொலைவு எப்படி எளிதாகிறது? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பித்த எஸ்.எஸ். வில்சன் என்பவர் 1973-இல் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் இதைக் கணக்கிட்டு எழுதினார். சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மிதிவண்டியில் அத்தொலைவைக் கடப்பதற்கு ஆகிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் நம் உடலைச் சிறிது உயர்த்தி இறக்குகிறோம். உடலின் முழுப் பாரத்தையும் கால்களே தாங்குகின்றன. வண்டியிலோ பாரத்தை இருக்கை ஏற்றுக்கொள்கிறது. கால் செய்வதெல்லாம் சுழற்றுவது ஒன்றே. சுழற்றுவதை நிறுத்தினாலும் சிறிது தூரம் வண்டி தானே ஓடுகிறது. தோளை அறுக்கும் பையும் பின்னால் உள்ள கேரியருக்குப் போய்விடுகிறது. நீண்ட நடைக்குப்பின் முழங்கால் வலி காண்போர்க்கு இதன் அருமை விளங்கும்.

நடையர்க்கு மூச்சும் பொறுமையும் முன்பே பழகியிருக்கும். தொடையும் மணிக்கட்டும் இருக்கையில் அமரும் இடமும் மட்டும் புதிதாகப் பழக வேண்டும். ஆகவே முதல் வாரம் 20 கிலோமீட்டரோடு நின்று கொள்வது அறிவுடைமை. இழப்பே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். மணலில் பதிந்த பாம்பின் தடமும், வரப்போரத்துச் சிறு பூவும் நடப்பவர் கண்ணுக்கே முதலில் படும். வரப்பிலும் பாறையிலும் வண்டி உதவாது. அங்கே அதை ஒரு மரத்தில் சாய்த்துப் பூட்டிவிட்டு நடக்க வேண்டியதுதான்.

தேரியில் நடையருக்கு வேறு ஒரு நன்மையும் உண்டு. இரும்புத் துருவால் சிவந்த அந்த மென்மணலில் சக்கரம் புதைந்துவிடும். இறங்கித் தள்ளியே ஆக வேண்டும். மிதிவண்டி ஒன்றையே அறிந்தவர் தள்ளுவதைத் தோல்வியாகக் கருதுவார். நடந்து பழகியவருக்கு அந்த வெட்கம் இல்லை.

வெயிலைவிடக் காற்றுக்கே நான் அஞ்சுவேன். ஆனி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று வீசிக்கொண்டிருக்கும். தேரி மணலை மலைபோல் குவித்ததும் இக்காற்றே; இன்று காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதுவே. எதிர்காற்றில் மிதிப்பது முடிவில்லாத மேட்டில் ஏறுவதை ஒக்கும். ஆதலால் அம்மாதங்களில் விடியுமுன், காற்று எழுவதற்கு முன்பே, மேற்கு நோக்கிச் செல்லுங்கள். மாலையில் வீடு திரும்பும்போது காற்றே உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். இதை மாற்றிச் செய்து, காலையில் கடற்கரைக்குப் பறந்துபோய் மாலையில் அழாக்குறையாகத் திரும்பி வந்தோர் பலர்.

வண்டி விலை உயர்ந்ததாக இருக்க வேண்டுவதில்லை. மிதிகட்டை அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும்; இருக்கையின் உயரத்துக்கு அதுவே அளவு. பிரேக்கும் செயினும் டயரும் ஒழுங்காக இருத்தல் வேண்டும். நம் பகுதியின் பெரும்பகை சீமைக் கருவேல முள். பஞ்சர் ஒட்டும் வித்தையைக் கடைக்காரரிடம் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக் கொள்ளுங்கள். டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்தபின் ஒட்ட வேண்டும். மீண்டும் மாட்டுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே ஒளிந்திருக்கும். ஒரு சிறு பம்பும், இரண்டு புட்டி நீரும், சிறிது கருப்பட்டியும், கடலையும் உடன் இருக்கட்டும்.

உங்களில் பலரிடம் வண்டி முன்பே உண்டு. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவர்க்கு அரசு அதை விலையின்றித் தருகிறது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அது திண்ணையோரம் துருப்பிடிப்பதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாணவியர்க்கும் ஒரு சொல். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் ஊக்கத்தால் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கல் உடைப்போரும் வயல் வேலை செய்வோரும் அவர்களுள் இருந்தனர். ஏளனம் செய்தவர்கள் சில நாளில் ஓய்ந்தனர், ஓட்டியவர்கள் ஓயவில்லை. அவர்கள் வேலைக்காக ஓட்டியதை நீங்கள் நான்கைந்து தோழியர் கூடி ஊர் காண்பதற்காக ஓட்டலாம்.

மிதிவண்டியில் உலகையே சுற்றியவரும் நம் நாட்டில் உண்டு. ஐரோப்பாவிலிருந்து நடந்தே இந்தியா வந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் சொற்பொழிவைப் பம்பாயில் கேட்டு ஊக்கம் கொண்ட பார்சி இளைஞர் அறுவர் 1923-இல் மிதிவண்டியில் புறப்பட்டனர். மூவர் இடையில் விலகினர். ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா என்னும் மூவர் பாலைகளையும் பனிமலைகளையும் கடந்து, ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர் சுற்றி, 1928-இல் பம்பாய் திரும்பினர்.

நமக்கு அத்தனை வேண்டா. ஒருநாள் பயணங்கள் பழகியபின் இருநாள் பயணமாக ஆற்றோடு செல்லுங்கள். சாத்தான்குளத்திலிருந்து விடியலில் வடக்கே கிளம்பினால் வெயில் ஏறுமுன் ஸ்ரீவைகுண்டம் அணையை அடையலாம். தாமிரபரணியின் எட்டு அணைகளில் அதுவே கடைசி. அதுவரை செம்மணலும் பனையுமாக வந்த கண்ணுக்கு, திடீரென்று வாழையும் நெல்லுமாகப் பச்சை விரியும். நிலம் நிறம் மாறும் அந்த எல்லையைச் சன்னல் வழியே பார்ப்பவர் ஒரு நொடியில் கடந்துவிடுவார். நீங்கள் அதைக் காற்றின் குளிர்ச்சியாலேயே உணர்வீர்கள். இரவு ஆழ்வார்திருநகரியில் தங்கி, மறுநாள் கொற்கைக்குச் செல்லுங்கள். பாண்டியரின் பழந்துறைமுகமாக இருந்த அவ்வூர் இன்று வயல்களின் நடுவே இருக்கிறது. ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் சில கிலோமீட்டர் அப்பால் போய்விட்டது. அங்கே வண்டியை நிறுத்திக் கடலைத் தேடிப் பாருங்கள். பிறகு புன்னைக்காயல் வரை மிதித்துச் சென்றால், அது எவ்வளவு தொலைவு போயிற்று என்பதை உங்கள் கால்களே அளந்து சொல்லும்.